சீல் வைத்த டப்பா

ஃபோன் வந்தபோது ஃபிட்டர் ஒரு வெள்ளைக் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் ஒயரைப் பல்லில் கடித்தபடி மல்லாந்து கிடந்தான். கூப்பிட்டது தங்கையின் கணவர். ஏர்போர்ட்டுக்குச் சவாரி ஏற்றும் டாக்சிக்காரர். ஓட்டுகிற நேரத்தில் ஃபோன் செய்கிற ஆள் இல்லை.

"மச்சான், போலீஸ் புடிச்சிட்டாங்க."

"ஸ்பீடா? ஃபைனக் கட்டிட்டு வாங்க மாப்பிள்ளை. இதுக்குப் போயி..."

"ஸ்பீடு பெருசில்ல மச்சான். டப்பாவைப் பாத்துட்டாங்க."

ஃபிட்டர் வாயிலிருந்த ஒயரைத் துப்பினான். எந்த டப்பா என்று அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே ஒரு வாக்குமூலம்தான். நல்லவேளை, எதிர்முனையில் இருந்தவர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபிட்டர் என்று தெருவே கூப்பிட்டாலும் அவன் கடைக்கு அவன்தான் முதலாளி. கார்களுக்கு சீட் கவர், பாட்டுப்பெட்டி, கலர் விளக்கு எல்லாம் மாட்டித் தருகிற கடை. அங்கே கண்ணாடி அலமாரியில், வாசனை பாட்டில்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் சரக்கு அது. மேலே 'ரேடார் ஜாமர்' என்று வெள்ளி எழுத்து. சாலையோரத்தில் போலீஸ்காரர் நீட்டுகிற வேகத் துப்பாக்கி ஓர் அலையை அனுப்பும். அது கார்மேல் பட்டுத் திரும்பிப் போய், கார் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கோள் சொல்லும். இந்த டப்பாவை முன்பக்க கிரில்லுக்குப் பின்னால் மாட்டிவிட்டால் அந்த அலையைக் குழப்பித் துப்பாக்கியைக் குருடாக்கிவிடும். கூடவே டேஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு. அது எரிந்தால் டப்பா காவலில் இருக்கிறது என்று அர்த்தம். இதெல்லாம் அட்டைப்பெட்டிமேல் அச்சடித்திருந்த கதை.

உள்ளே என்ன இருக்கிறது என்று ஃபிட்டருக்குத் தெரியும். முதல் தடவை சரக்கு வந்தபோதே ஆர்வம் தாங்காமல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தான். விளக்கை எரியவைக்க ஒரு துக்கடா சர்க்யூட். மற்றபடி, கையில் எடுத்தால் கனமாக இருக்கட்டும் என்று பசைபோட்டு ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. அப்போதே எல்லாவற்றையும் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் நம்மாள் உட்கார்ந்து யோசித்தான். யோசிக்கக் கூடாத இடத்தில் யோசிப்பதில் அவன் மகா கெட்டிக்காரன். நிஜமாகவே வேலை செய்கிற ஜாமரை விற்றால் குற்றம், காரில் வைத்திருந்தாலே குற்றம். இதுவோ வேலை செய்யாது. ஆகவே இதை விற்றால் யாரும் சட்டத்தை மீறவில்லை. வாங்குகிறவனுக்கு நிம்மதி, போலீசுக்கும் நஷ்டமில்லை. சொல்லப்போனால் சட்டத்தை இவன்தான் காப்பாற்றுகிறான்! இப்படி ஒரு நியாயத்தைப் பூசி மெழுகிவிட்டு, டப்பாக்களை அலமாரியில் அடுக்கினான்.

சொந்தத் தங்கை வீட்டுக்காரருக்கே அதை மாட்ட நேரும் என்று மட்டும் அவன் நினைக்கவில்லை. மாப்பிள்ளை ஒருநாள் வைப்பர் மாற்ற வந்திருந்தார். அந்த நேரத்தில் சரக்கு வண்டிக்காரர் ஒருவர் டப்பாவைக் கையில் எடைபோட்டபடி, "இது நெசமாவே வேலை செய்யுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க" என்று ஃபிட்டர் அளக்க ஆரம்பித்தான். பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "இப்படி ஒண்ணை வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மச்சான்?"

வாடிக்கையாளரை எதிரில் வைத்துக்கொண்டு என்ன சொல்வான்? உங்களுக்கு இது வேண்டாம் என்றால் வண்டிக்காரர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். "உங்களுக்கு இல்லாததா மாப்பிள்ளை!" என்று சொல்லிவிட்டான். சொன்னதோடு நிற்காமல், அந்த ஆள் பார்க்கப் பார்க்க, அப்போதே மாட்டியும் கொடுத்தான். தங்கச்சி புருஷனுக்கே மாட்டுகிறான் என்றால் சந்தேகமே வேண்டாம் என்று வண்டிக்காரரும் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தான். மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "மச்சான், பாலத்து ஸ்பீடு கேமராவ வேணும்னே வேகமா அழுத்திக்கிட்டு கடந்தேன். ஃப்ளாஷே அடிக்கல!" அந்தக் கேமரா பழுதாகி, உள்ளே இருந்ததைக் கழற்றிக்கொண்டு போய், வெறும் கூடு மட்டும் நிற்கிறது என்பது ஃபிட்டருக்குத் தெரியும். அந்த வழியாகப் போகிற பாதிப்பேருக்குத் தெரியும். இவருக்கு மட்டும் தெரியாமல் போனது யார் செய்த பாவமோ. அதன்பிறகு அவர் டாக்சி ஸ்டாண்டில் ஒருவர் பாக்கியில்லாமல் கடைக்கு அனுப்பிவைக்க ஆரம்பித்தார். சொல்லவேண்டிய வார்த்தை நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போய், கடைசியில் ஃபிட்டரால் அதைத் தூக்கவே முடியாமல் போயிற்று.

இப்போது அவர் ஃபோனில் மூச்சு வாங்கினார். "ரேடார்ல மாட்டல மச்சான். பின்னாலயே வண்டில தொரத்தி வந்துதான் புடிச்சாங்க. டப்பாவைக் குத்தம் சொல்ல முடியாது. அது அதோட வேலையத்தான் செஞ்சுது." குனிந்து லைசென்ஸ் கேட்ட போலீஸ்காரர் கண்ணில் பச்சை விளக்கு பட்டிருக்கிறது. இது என்ன என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு அவசரத்துக்குப் பொய் வராது. ஜாமர் சார் என்று சொல்லிவிட்டார்.

வேகத்துக்கு அபராதத்தோடு போகும். ஜாமருக்கு அப்படியில்லை. லைசென்ஸ் போகும், கார் போகும், ஜெயிலும் உண்டு. அது நிஜமாகவே ஜாமர்தானா என்று சோதனை மைதானத்தில் பார்ப்பார்களாம். போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்த இடமில்லாததால் காரை அவர் வீட்டுக்கே இழுத்துவந்து விட்டார்கள். டப்பாமேல் ஒரு சீல், பானெட்டைத் திறக்க முடியாதபடி கம்பி போட்டு இன்னொரு சீல். சோதனை நாள் வரைக்கும் தொடமாட்டேன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

ஃபிட்டர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு தங்கை வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த தங்கைக்கு அழுது முடித்த முகம். "வாண்ணா" என்றாள். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சோபாவின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர்கள் மகள் பாப்பா தரையில் கலர் பென்சில்களைச் சீவிக் குப்பை போட்டுக்கொண்டிருந்தாள். அதை வேண்டாம் என்று சொல்லக்கூட அந்த வீட்டில் யாருக்கும் தெம்பில்லை.

"உங்க பேர இழுக்கல மச்சான்" என்றார் மாப்பிள்ளை, இவனுக்கு ஆறுதல் சொல்கிற தோரணையில். "யார் மாட்டினதுன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. ரோட்டோரமா வித்துக்கிட்டிருந்த ஒரு ஆளு, மூஞ்சிகூட ஞாபகமில்லன்னுட்டேன்."

"எதுக்கு மாப்பிள்ளை அப்படிச் சொன்னீங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க. நீங்க எனக்கு நல்லது பண்ணணும்னு போட்டுக் குடுத்தது. அதுக்காக உங்க கடை வாசல்ல போலீஸக் கொண்டு வந்து நிறுத்துவேனா?"

"நான்தான்ணா சொன்னேன்" என்றாள் தங்கை, டீ டம்ளரை நீட்டிக்கொண்டே. "என்ன ஆனாலும் சரி, அண்ணன மாட்டி விட்டுடாதீங்கன்னு."

ஃபிட்டர் டம்ளரை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனைச் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"ஒண்ணும் ஆகாது மாப்பிள்ளை. சோதனைல ஒண்ணும் வராது, பாருங்க."

"எப்படி வராம போகும்? அருமையா வேலை செய்யுது மச்சான் அது! அதானே என் பயமே."

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஃபிட்டர் வாயைத் திறந்து, "பாப்பா சாப்பிட்டாளா?" என்று கேட்டான். கோழைக்கு எப்போதும் ஒரு திட்டம் இருக்கும். இவனுக்கும் இருந்தது. சோதனையில் எப்படியும் டப்பா பல்லிளிக்கும், மாப்பிள்ளை தப்பித்துவிடுவார். உங்க பீஸ் மட்டும் கெட்டுப் போயிருக்கு மாப்பிள்ளை, அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சுபம். உண்மையைச் சொல்லாமலே உண்மையின் பலனை வாங்கிக்கொள்ளலாம். நடுவில் கொஞ்ச நாள் இவர்கள் பயந்துகொண்டிருப்பார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தான். நினைத்ததற்காக வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தன்னைத்தானே வைதுகொண்டான். வைதானே தவிர, திரும்பிப் போய்ச் சொல்லவில்லை.

சோதனைக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் யாருமில்லாத நேரமாகப் பார்த்து மாப்பிள்ளை வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டை தோளிலிருந்து வழிந்தது. ஷட்டரைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கிட்டே வந்தார்.

"மச்சான், ஒரே ஒரு உதவி. அந்த டப்பாவைக் கொன்னுடுங்க."

"என்ன சொல்றீங்க?"

"கீழே படுத்துக் கைய விட்டா எட்டுது. பாத்துட்டேன். அதுக்குப் போற ஒயர வெட்டிட்டு, வெட்டினது தெரியாத மாதிரி பண்ண உங்களால முடியாதா? நாளைக்கு அவங்க பாக்கறப்ப அது செத்துக் கிடக்கணும்."

ஃபிட்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. உயிரே இல்லாத ஒன்றைக் கொல்லச் சொல்கிறார் மனுஷன்.

"சீல் வச்ச பொருள்ல கை வச்சா அதுதான் மாப்பிள்ளை பெரிய கேஸு. தடயத்த அழிச்சதா ஆயிடும்."

"இப்ப மட்டும் என்ன சின்ன கேஸா?"

"ஒருவேளை நாளைக்கு அது வேலை செய்யாமலே போகலாம். சில பீஸ் அப்படி வந்துடும்..."

மாப்பிள்ளைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா சமாதானம் சொல்லாதீங்க மச்சான். நீங்க பாத்துப் பாத்து மாட்டினது எப்படி வேலை செய்யாம போகும்? உங்களுக்குப் பயமா இருக்கு, அதச் சொல்லுங்க. தப்பில்ல. நானே பாத்துக்கறேன்." சுவரில் தொங்கிய கட்டிங் பிளேயரை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போய்விட்டார்.

ஃபிட்டர் பிளேயர் தொங்கிய ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவர் ஒயரை வெட்டிவிட்டால், ஒன்றுமே செய்யாத மனுஷன் நாளைக்குக் குற்றவாளி. அதுவும் இரும்புத் துண்டுக்காக. கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஓடினான்.

அடுக்குமாடியின் பின்பக்கம், தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் கார் நின்றது. முன்பம்பருக்கு வெளியே மாப்பிள்ளையின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. உள்ளேயிருந்து இரும்பு உரசும் சத்தம் வந்தது.

"மாப்பிள்ளை, வெளிய வாங்க."

"போயிடுங்க மச்சான். நீங்க இங்க நிக்கறதயே யாரும் பாக்கக் கூடாது."

ஃபிட்டர் மண்டியிட்டு அவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். பிடித்தது தடுப்பதற்கா, காலைப் பிடித்துக் கெஞ்சுவதற்கா என்று அவனுக்கே தெரியவில்லை. முகம் தெரியாமல் இருந்தது ஒருவிதத்தில் உதவியாக இருந்தது.

"வெட்டாதீங்க. அதுல ஒண்ணுமே இல்ல."

"எதுல?"

"டப்பால. விளக்கெரிய ஒரு சர்க்யூட்டு, கனத்துக்கு ஒரு இரும்பு. அவ்வளவுதான் இருக்கு. அது ஜாமரே இல்ல மாப்பிள்ளை. ஒருநாளும் வேலை செஞ்சதில்ல."

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். நேற்றுத்தான் தெரிய வந்தது என்று ஒரு பொய்யைச் சேர்த்திருந்தாலும் காருக்கடியில் கிடந்தவர் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது அது.

"மாட்டறப்பவே எனக்குத் தெரியும்" என்றான்.

உரசும் சத்தம் நின்றது. எங்கோ மேல்மாடியில் யாரோ துணி உதறினார்கள். உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

"பாலத்துக் கேமரா?"

"அது வெறும் கூடு மாப்பிள்ளை."

"அப்ப லைட்டு?"

"சாவி போட்டா எரியும். அவ்வளவுதான்."

"அப்ப நான் ஜெயிலுக்குப் போக மாட்டேன்?"

"மாட்டீங்க."

காருக்கடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கால்கள் இரண்டும் குலுங்கின. ஃபிட்டரும் சிரிக்கப் பார்த்தான். அதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஸ்டாண்டுல அத்தன பேர்கிட்டயும் நான்தானே மச்சான் சொன்னேன். எம் மச்சான் கடைக்குப் போங்க, நம்பி வாங்கலாம்னு."

"ஆமா."

மாப்பிள்ளை வெளியே வந்தார். நெற்றியில் கிரீஸ். ஃபிட்டரின் முகத்தைப் பார்க்காமல் பிளேயரை அவன் கையில் கொடுத்தார். "நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டார். வருவதாகச் சொன்னான். மாப்பிள்ளை படியேறிப் போனார். வீட்டு வாசல் வரைக்கும் வந்தவனை மேலே வாங்க என்று அவர் கூப்பிடாதது அன்றைக்குத்தான் முதல் தடவை.

சோதனை மைதானம் என்பது ஊருக்கு வெளியே தார் போட்ட ஒரு நீளமான திடல். தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு பெஞ்சு. வெயிலுக்குத் தொப்பி போட்டிருந்த பெண் பொறியாளர் ஒருவர், பக்கத்தில் அன்றைக்கு மாப்பிள்ளையைப் பிடித்த போலீஸ்காரர். தங்கையும் வந்திருந்தாள். அண்ணனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அதிலிருந்து அவனால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பொறியாளர் சீல்களைப் பார்த்துத் திருப்திப்பட்டு, சோதனை ஓட்டுநரைக் காரில் ஏற்றினார். பச்சை விளக்கு எரிய, திடலின் கோடியிலிருந்து கார் வந்தது. பொறியாளர் வேகத் துப்பாக்கியை நீட்டினார். திரையில் எண் பளிச்சென்று வந்தது. காருக்குள் இருந்த முள் காட்டிய அதே எண். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அப்படியே.

அவர் சோதனையை முடிக்கும்வரை ஃபிட்டர் காத்திருக்கவில்லை. "மேடம், இத மாட்டினது நான்" என்றான். "ரோட்டோர ஆளெல்லாம் யாரும் இல்ல. எங்கடை. இது வேலை செய்யாதுன்னு தெரிஞ்சேதான் வித்தேன். அவரு என்னைக் காப்பாத்தறதுக்காக மாத்திச் சொல்லிட்டாரு."

போலீஸ்காரர் மாப்பிள்ளையை முறைத்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

பொறியாளர் பானெட் கம்பியை வெட்டச் சொல்லி, டப்பாவைக் கழற்றிப் பிரித்து, இரும்புத் துண்டை விரலால் தட்டிப் பார்த்தார். "இதுக்கு ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்க விட்டிருக்கலாம்" என்றார். "நெசமான ஜாமர் இருந்தாலுமே பெருசா உதவாதுங்க. இப்ப பாதி இடத்துல ரேடாரே கிடையாது, லேசர். இல்லன்னா ரெண்டு கேமராவுக்கு நடுவுல எவ்வளவு நேரத்துல வர்றீங்கன்னு கணக்குப் போட்டுடறாங்க. அதக் குழப்ப எந்த டப்பாவாலயும் முடியாது." பிறகு போலீஸ்காரரிடம் திரும்பினார். "இவர்மேல ஜாமர் கேஸ் நிக்காது. வேகத்துக்கு மட்டும் போட்டுக்கங்க. அவரு விஷயம் வேற. அது மோசடி."

ஃபிட்டரைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எதிரே மாப்பிள்ளையின் கார் பானெட்டிலிருந்து மிச்சக் கம்பியை உருவி எடுத்தார்கள். அவர் லைசென்ஸைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பையில் வைத்து, வைத்த இடத்தைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதைப் பார்க்க ஃபிட்டருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. நிம்மதிப்பட என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் இருந்தது. இந்த நேரத்தில் எத்தனை டாக்சிகள் பச்சை விளக்கை நம்பிப் பறந்துகொண்டிருக்கும்?

காரில் ஏறப்போன தங்கை திரும்பி அவனை நோக்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தான். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அண்ணா, அவரு வேகமா போனா நான் எப்பவும் சத்தம் போடுவேன். பாப்பா மடில இருக்கா, மெதுவா போங்கன்னு. நான் சொன்னா கேக்கற மனுஷன்தான் அவரு."

"தெரியும்மா."

"நீ இத மாட்டினதுக்கப்புறம், நான் வாயத் தொறந்தா அந்த லைட்டக் காட்டுவாரு. உங்கண்ணன் போட்டதும்பாரு." அவள் குரல் உயரவேயில்லை. "நீ போட்டதாச்சேன்னு நான் சொல்றதயே விட்டுட்டேன்ணா. வளைவுல கார் சாயறப்பல்லாம் பாப்பாவ இறுக்கிப் புடிச்சுக்கிட்டு பேசாம உக்காந்திருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னாள். போய்க் காரில் ஏறினாள். கார் கேட்டைத் தாண்டிப் போயிற்று.

போலீஸ்காரர் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். "ம், சொல்லு. யார் யாரை ஏமாத்தினே? ஒண்ணு விடாம சொல்லணும்."

ஃபிட்டர் கார் போன கேட்டைப் பார்த்தான்.

"எந்தங்கச்சிய" என்றான்.